வாசலில் நின்று அளக்கும் வேகம்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது புதுச்சத்திரம். நாமக்கல் மாவட்டத்தின் 15 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்றுக்குத் தலைமையிடம். சுற்றிலும் கோழிப்பண்ணைகள், மரவள்ளித் தோட்டங்கள், லாரித் தொழிலை நம்பிய குடும்பங்கள். இங்கே பல வீடுகளுக்கு இணையத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் கேபிள் டிவிக்காரர்தான். முட்டை விலை பார்ப்பது, லாரிக்கு இ-வே பில் போடுவது, பண்ணைக் கேமராவை வீட்டிலிருந்தே பார்ப்பது, பிள்ளைகள் பாடம் கேட்பது எல்லாம் அவர் இழுத்த ஒரே கண்ணாடி இழையில் நடக்கிறது. அவருக்குச் சாயங்காலம் வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும்: "ஏனுங்க, நெட் சுத்திக்கிட்டே இருக்குதுங்க." அவர் பதிலும் ஒரே மாதிரிதான்: "ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்க, கரெக்டாத்தான வருது."

இருவர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். வேகம் என்று ஒற்றை எண்ணைச் சொல்லும்போது அது எந்த இடத்திலிருந்து, எந்த இடம் வரை, எந்த நேரத்தில் அளந்தது என்பது விடுபட்டுப் போகிறது. விடுபட்டுப்போன அந்த மூன்றில்தான் சந்தாதாரரின் காசு கரைகிறது.

முதலில் அரசு எதை அகன்ற அலைவரிசை என்கிறது என்று பார்ப்போம். 2004ஆம் ஆண்டுக் கொள்கையில் அது நொடிக்கு 256 கிலோபிட். 2013இல் 512 கிலோபிட் ஆயிற்று. 2023 ஜனவரியில்தான் 2 மெகாபிட்டுக்கு உயர்ந்தது. இன்று கேபிள்காரர் தரும் சிறிய திட்டமே இதைப்போலப் பல மடங்கு. ஆகவே வரையறையை வைத்துக்கொண்டு யாரையும் கேள்வி கேட்க முடியாது. சந்தாதாரரின் கையில் இருப்பது விளம்பரத்தில் உள்ள "100 எம்பிபிஎஸ் வரை" என்ற வாக்கு மட்டுமே. இதில் ஒரு சிறு கணக்கையும் சொல்லிவிட வேண்டும். எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. கோப்பின் அளவோ பைட் கணக்கு. எட்டு பிட் ஒரு பைட். 40 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 5 மெகாபைட்தான் இறங்கும். இது தெரியாமல் ஏமாந்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. அந்தப் புகாரில் மட்டும் நியாயம் கேபிள்காரர் பக்கம்.

கைபேசியில் ஸ்பீடு டெஸ்ட் பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது? கைபேசியிலிருந்து வைஃபை அலை வழியாக வீட்டுப் பெட்டிக்கு. அங்கிருந்து கண்ணாடி இழை வழியாக, ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு. அதைத் தாண்டி, கேபிள்காரரின் அறையிலோ நிறுவனத்தின் அறையிலோ இருக்கும் ஓஎல்டி கருவிக்கு. பிறகு நிறுவனத்தின் முதுகெலும்பு வலையில் ஏறி, எங்கோ ஓர் ஊரில் உள்ள சோதனை சர்வருக்கு. வழக்கமான சோதனைகள் அருகில் இருக்கும் சர்வரைத் தாமாகவே தேர்ந்துகொள்கின்றன. அது பெரும்பாலும் அதே இணைய நிறுவனம் தன் வலைக்குள்ளேயே வைத்திருக்கும் சர்வராக அமைந்துவிடும். கடைசியில் வரும் எண், இத்தனை கட்டங்களில் எது மிக மெதுவோ அதன் வேகம். எந்தக் கட்டம் என்று அந்த எண் சொல்வதில்லை. வீட்டுக்குள் வைஃபை தடுமாறினால் பழி கேபிள்காரர் மேல் விழும். நிறுவனத்தின் வெளிவாசலில் நெரிசல் என்றால் சோதனையில் அது தெரியவே தெரியாது, ஏனென்றால் சோதனை அந்த வாசலைத் தாண்டியே போகவில்லை.

இந்தச் சிக்கலுக்குச் சரியான விடை, அளவுக் கருவியை வீட்டு வாசலில், அதாவது வீட்டு வலையும் நிறுவனத்தின் வலையும் சந்திக்கும் பெட்டியில் வைப்பது. பிரிட்டனில் சாம்நோஸ் என்ற நிறுவனம் தன்னார்வலர்களின் வீடுகளில் ரவுட்டரோடு இணைக்கும் சிறு பெட்டிகளை வைத்து அளந்தது. அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2009 ஜூலையில் முடிவுகளை வெளியிட்டபோது, விளம்பரங்கள் சொன்ன வேகத்தின் சராசரி 7.1 எம்பிபிஎஸ், வீடுகளுக்கு வந்த சராசரி 4.1 என்று தெரிந்தது. அமெரிக்காவின் ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி அதே நிறுவனத்தைக் கொண்டு அளந்து, 2011 ஆகஸ்டில் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. இரவு 7 முதல் 11 வரை, நெரிசல் மிகுந்த நேரத்தைத் தனியே பிரித்துக் கணக்கிட்டார்கள். தொலைபேசிக் கம்பி வழி இணைப்புகள் சொன்ன வேகத்தில் 82 சதவீதம் தந்தன, கேபிள் 93, கண்ணாடி இழை 114. நிறுவனங்களின் பெயரோடு பட்டியல் வெளியானது.

அதே மாதம், ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் அப்போது ஆய்வு மாணவராக இருந்த ஸ்ரீகாந்த் சுந்தரேசன், நிக் ஃபீம்ஸ்டர் முதலியோருடன் சேர்ந்து கணினி வலை ஆய்வுக்கான சிக்காம் மாநாட்டில் ஒரு கட்டுரை படித்தார். சாம்நோஸின் நான்காயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகளின் தரவையும், பிஸ்மார்க் என்ற பெயரில் அவர்களே வடிவமைத்து அட்லாண்டாவில் வைத்த 16 பெட்டிகளின் தரவையும் கொண்டு எழுதியது. வீட்டுப் பெட்டியிலிருந்து பார்த்தால் இணைய வேகம் எப்படித் தெரிகிறது என்பதுதான் பொருள். ஒரே திட்டத்துக்குப் பணம் கட்டும் இரு வீடுகளின் அனுபவம் வேறுவேறாக இருப்பதையும், மோடத்தின் தரம்கூட முடிவை மாற்றுவதையும் அவர்கள் காட்டினார்கள். 2016இல் வெளியான இன்னொரு கட்டுரையில் சுந்தரேசன் குழு மேலும் ஒரு படி போனது: வீட்டுக்கு வரும் வேகம் சுமார் 20 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டிவிட்டால், தடை பெரும்பாலும் வெளியே இருப்பதில்லை, வீட்டு வைஃபையில் இருக்கிறது.

இதை ஒரு புதுச்சத்திரத்து வீட்டில் வைத்துப் பார்ப்போம். முன்னறையில் டிவிக்கு மேலே பெட்டி. பின்னால் சமையலறையில் கைபேசி. நடுவில் இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ. விலை குறைந்த கைபேசி பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மட்டுமே. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், ஒற்றை ஆண்டெனாவில், அதன் உச்சமே ஏட்டில் 72 எம்பிபிஎஸ். நடப்பில் அதில் பாதி வந்தாலே நல்லது. வாசல் வரை 100 வந்தும் சமையலறையில் 30 காட்டினால், கேபிள்காரரைத் திட்டிப் பயனில்லை. ரவுட்டரிலிருந்து கணினிக்கு ஒரு கேபிள் போட்டு அளந்தால் விஷயம் தெளிவாகிவிடும். அங்கேயும் ஒரு பொறி உண்டு. 200, 300 எம்பிபிஎஸ் திட்டம் போட்டும் கணினி எந்நேரமும் 94ஐத் தாண்டாமல் நின்றால், பெட்டியின் போர்ட்டோ கேபிளோ 100 எம்பிபிஎஸ் தரத்தது என்று பொருள். அந்தத் தரத்தில் தலைப்புத் தகவல்களுக்குப் போக மிஞ்சும் உச்சம் 94தான்.

இனி வாசலுக்கு வெளியே. ஊர்களில் இப்போது இழுக்கும் கண்ணாடி இழை வலை பெரும்பாலும் ஜிபான் வகை. ஓஎல்டியின் ஒரு போர்ட்டிலிருந்து கீழ்நோக்கி 2.488 கிகாபிட், மேல்நோக்கி 1.244 கிகாபிட். இதை ஸ்ப்ளிட்டர்கள் வழியே 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். 64 வீடுகளும் ஒரே நொடியில் இழுத்தால் தலைக்கு 39 எம்பிபிஎஸ்தான் வரும். அப்படி எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பதை நம்பித்தான் எல்லாருக்கும் 100 விற்கிறார்கள். இது மோசடி கிடையாது; உலகம் முழுக்க இப்படித்தான். பெரும்பாலும் இடிப்பது ஓஎல்டிக்கு மேலே, கேபிள்காரரோ நிறுவனமோ காசு கொடுத்து வாங்கும் அளவில். இரவு எட்டு மணிக்கு ஊரே படம் பார்க்கும்போது அந்தக் குழாய் நிரம்புகிறது. காலை பத்து மணிக்கு ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டுவதில் ஒன்றும் நிரூபணமாகாது.

நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதை அறியாமல் இல்லை. 2006இல் அது கொண்டுவந்த சேவைத் தர ஒழுங்குமுறை, உச்ச நேரத்தில் அலைவரிசைப் பயன்பாடு 80 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றது. சந்தாதாரருக்கு, நிறுவனத்தின் கணு முதல் அவர் வீடு வரை, சொன்ன பதிவிறக்க வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்க வேண்டும்; பாக்கெட் என்னும் தரவுத் துண்டுகளின் இழப்பு 1 சதவீதத்துக்குள்; பன்னாட்டு நுழைவாயில் வரை தாமதம் 120 மில்லிநொடிக்குள் என்றும் சொன்னது. 2024 ஆகஸ்டில் வெளியாகி அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய ஒழுங்குமுறை, தொலைபேசிக்கும் கைபேசிக்கும் அகன்ற அலைவரிசைக்கும் தனித்தனியாக இருந்த விதிகளை ஒன்றாக்கியது. எண்கள் இறுகியிருக்கின்றன. ஆனால் வேகத்துக்கான பழைய விதியின் எல்லையைக் கவனியுங்கள்: நிறுவனத்தின் கணு முதல் வீடு வரை. படம் வரும் வழி அந்தக் கணுவோடு முடிவதில்லை.

பாக்கெட் இழப்பு 1 சதவீதம் என்பது கேட்பதற்குச் சிறிதாக இருக்கிறது. நூறில் ஒன்றுதானே என்று தோன்றும். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் போடுவது நல்லது. 1997இல் மேத்யூ மேதிஸ் முதலியோர், பாக்கெட்டுகளை அனுப்பும் டிசிபி நெறிமுறையில் ஓர் இணைப்பின் வேகம் எதைச் சார்ந்தது என்று ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். பாக்கெட்டின் அளவை, போய்வரும் நேரத்தால் வகுத்து, இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்தாலும் வகுத்து, ஒன்றைவிடச் சற்றுப் பெரிய ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும். ஒளி கண்ணாடி இழையில் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். புதுச்சத்திரத்திலிருந்து சென்னை வரை கேபிள் 400 கிலோமீட்டர் என்று வைத்தால், போய்வர 4 மில்லிநொடி. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர், போய்வர 32. வழியில் கருவிகள் சேர்க்கும் தாமதத்தையும் கூட்டி, சிங்கப்பூர் சர்வருக்கு 50 மில்லிநொடி என்று கொள்வோம். 1 சதவீத இழப்பில், வழக்கமான 1,460 பைட் பாக்கெட்டுக்கு, அந்த இணைப்பின் வேகம் 3 எம்பிபிஎஸ்ஸைக்கூட எட்டாது. 100 எம்பிபிஎஸ் கட்டணம் கட்டியும் அவ்வளவுதான். இழப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று குறைந்தால் அதே இணைப்பு 28 எம்பிபிஎஸ் தரும். இன்றைய டிசிபி வகைகள் இந்தச் சூத்திரத்தைவிடத் தாக்குப்பிடிக்கும் என்றாலும், போக்கு இதுதான்.

ஸ்பீடு டெஸ்ட் இதை ஏன் காட்டுவதில்லை? பிரபலமான சோதனைகள் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து கூட்டிக் காட்டுகின்றன. சர்வரும் பக்கத்திலேயே இருக்கிறது. தாமதமும் குறைவு, இழப்பும் பல இணைப்புகளுக்குள் மறைந்துபோகிறது. 2009இல் தொடங்கிய எம்-லேப் திட்டத்தின் என்டிடி சோதனை ஒற்றை இணைப்பைக் கொண்டு, இணைய நிறுவனத்தின் வலைக்கு வெளியே உள்ள சர்வருக்கு அளக்கிறது. ஒரே வீட்டில் ஒன்று 95, மற்றது 40 காட்டுவது இதனால்தான். எது பொய் என்று கேட்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான சரியான விடைகள். "சுத்துது" என்ற புகாருக்கு நெருக்கமானது இரண்டாவது.

இழப்பு எங்கே பிறக்கிறது என்பதை ஊரில் கண்ணாலேயே பார்க்கலாம். கேபிள்காரரின் ஆள் ஒரு பவர் மீட்டரோடு வருவார். வீட்டுப் பெட்டியிலிருந்து இழையைக் கழற்றி மீட்டரில் செருகுவார். மைனஸ் 21 டிபிஎம் காட்டினால் நிம்மதி. மைனஸ் 27 என்றால், "பவர் டல்லுங்க" என்பார். இந்த எண்ணில் 3 குறைவது, ஒளி பாதியாவதற்குச் சமம்; மைனஸ் 21க்கும் 27க்கும் இடையே ஒளி நாலில் ஒரு பங்காகிவிட்டது. ஓஎல்டி ஒளியை ஏறத்தாழ பிளஸ் 3இல் அனுப்புகிறது. எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்று சுமார் 10 தின்னும். இரண்டு ஸ்ப்ளிட்டர் அடுத்தடுத்து வந்தால் 21 போய்விடும். கிலோமீட்டருக்குக் கால் முதல் மூன்றில் ஒன்று வரை இழை தின்னும். சரியாகப் போட்ட ஸ்பிளைசிங் ஜாயின்ட் பத்தில் ஒன்றுதான் தின்னும். அவசரத்தில் போட்டது எவ்வளவு வேண்டுமானாலும் தின்னும். வீட்டு வாசலில் இழையை மடக்கி ஆணியில் மாட்டியிருந்தால் அங்கே சில டெசிபெல். சாதாரண வகைப் பெட்டிகளின் தாங்கும் எல்லை மைனஸ் 27. அதற்குக் கீழே போனால் சிவப்பு லாஸ் லைட் எரியும், நெட் அறவே நிற்கும், ஆள் வந்து சரிசெய்வார். விளிம்பில் நின்றால்தான் தொல்லை: லைட் பச்சையாக இருக்கும், நெட் இருக்கும், பாக்கெட்டுகள் மட்டும் உதிர்ந்துகொண்டே இருக்கும். இந்த எண் நிறுவனத்தின் திரையில் எந்நேரமும் தெரிகிறது. பல பெட்டிகளின் உள்பக்கத்திலும் ஆர்எக்ஸ் பவர் என்ற பெயரில் இருக்கிறது. பணம் கட்டுகிறவருக்கு அதை யாரும் சொல்வதில்லை. மாத பில்லில் அச்சிட வேண்டிய எண் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

மேல்நோக்கிய பாதையின் சங்கதி வேறு. பண்ணையில் கேமரா வைத்தவருக்குப் பதிவிறக்கத்தைவிடப் பதிவேற்றமே முக்கியம். கேமராப் படம் பண்ணையிலிருந்து வெளியே போக வேண்டியது. பதிவேற்றம் நிரம்பும்போது பெட்டிக்குள் பாக்கெட்டுகள் வரிசை கட்டி நிற்கின்றன. நாலு வழிச் சாலையில் எவ்வளவு வேகமாக வந்தாலும் சுங்கச்சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸும் நிற்க வேண்டியிருப்பதைப் போல, வீடியோ அழைப்பின் சின்னப் பாக்கெட்டும் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். 256 கிலோபைட் இடமுள்ள வரிசை, 1 எம்பிபிஎஸ் பதிவேற்றத்தில் காலியாக இரண்டு நொடி ஆகும். 20 எம்பிபிஎஸ் பதிவேற்றத்தில் பத்தில் ஒரு நொடி. 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டில் இதைக் கண்டு உலகுக்கு எடுத்துச் சொன்னார். இரண்டு ஆண்டில் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடல் என்ற வரிசை மேலாண்மை முறையைத் தந்தார்கள். அது உள்ள ரவுட்டரில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. கண்டுபிடிப்பது எளிது. ஒரு பெரிய வீடியோவை மேலே அனுப்பிக்கொண்டே பிங் பாருங்கள். சும்மா இருக்கும்போது 10 காட்டியது 300, 400 என்று ஏறினால் கோளாறு அங்கேதான்.

வாசலில் அளப்பதன் பலனைத் தமிழ்நாடு முன்பே பார்த்திருக்கிறது, வேறொரு களத்தில். அரவிந்த் கண் மருத்துவமனை தேனி மாவட்டத்துக் கிராமங்களில் கண் பரிசோதனை மையங்கள் தொடங்கியபோது, பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவரின் குழு நீண்ட தூர வைஃபை இணைப்பு அமைத்துக் கொடுத்தது. மையத்தில் உட்கார்ந்த நோயாளியை, மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பேச வேண்டும். சாதாரண வைஃபை அந்தத் தூரத்தில் தடுமாறியது. அவர்கள் இழப்பை அளந்தார்கள், நெறிமுறையையே மாற்றி எழுதினார்கள், 2007இல் வைல்ட்நெட் என்ற பெயரில் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு, அத்தகைய வலைகளைப் பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்த அனுபவத்தை எழுதியபோது வந்த செய்திதான் எனக்கு முக்கியம். வலை நின்றதற்குப் பெரும் காரணம் அலைவரிசை இல்லை, மின்சாரம். கிராமத்து மின் கம்பியில் ஆயிரம் வோல்ட் அளவுக்குக்கூட எழுச்சிகளைப் பதிவுசெய்தார்கள். கருவிகள் எரிந்தன, பாதியில் நின்றன, தவறாகத் தொடங்கின.

புதுச்சத்திரத்துக்கும் இது பொருந்தும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், வழியில் கேபிள்காரர் வைத்திருக்கும் கருவிக்கு மின்சாரம் இல்லாவிட்டால் நெட் போய்விடும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் 1 கிகாபிட் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்துக்காகத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் இழுக்கும் கேபிளில் பெரும்பகுதி மின் கம்பங்கள் மேல்தான் போகிறது. காற்றடித்து மரம் விழுந்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். 2023 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த, ரூ.1.39 லட்சம் கோடி மதிப்புள்ள திருத்திய பாரத்நெட் திட்டம், ஊராட்சிகளை வளையமாக இணைக்கச் சொல்கிறது. ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழி இருக்கும். நல்ல முடிவு. ஆனால் ஒரு மாதத்தில் எத்தனை மணி நேரம் நெட் இல்லாமல் இருந்தது என்று வீட்டு வாசலில் பதிவாகாவிட்டால், வளையம் வேலை செய்ததா என்று ஊர்க்காரருக்குத் தெரிய வழியில்லை. ஸ்பீடு டெஸ்டால் இதை அளக்கவே முடியாது. நெட் இருக்கும்போதுதான் அந்தப் பொத்தானையே அழுத்த முடியும்.

டிராய் 2016இல் மைஸ்பீடு செயலியைக் கொண்டுவந்தது. கைபேசித் தரவு வேகத்துக்கு அது ஒரு கண்ணாடி. வீட்டு இணைப்புக்கு, பெட்டி வைத்து அளக்கும் பொதுத் திட்டம் நமக்கு வேண்டும். நிறுவனங்கள் தரும் தர அறிக்கைகள் பெரும்பாலும் உரிமப் பகுதி வாரியாக வருகின்றன. தமிழ்நாடு முழுக்க ஒரே பகுதி. சென்னை அண்ணா நகரின் அடுக்ககமும் புதுச்சத்திரத்துக்கு உட்புறம் உள்ள தோட்டத்து வீடும் ஒரே சராசரிக்குள் அடங்கிவிடுகின்றன. பிரிட்டனில் அளவு வெளிச்சத்துக்கு வந்ததால் விளம்பரமே மாறியது. 2018 மே மாதம் முதல், இரவு 8 மணி முதல் 10 வரை வாடிக்கையாளர்களில் பாதிப்பேருக்காவது கிடைக்கும் வேகத்தைத்தான் விளம்பரத்தில் போடலாம். நம் ஊரிலும் "வரை" என்ற அந்த வாக்கின் இடத்தில் இப்படி ஒரு எண் வர முடியும்.

ஒன்றியத்துக்கு ஏழெட்டுப் பெட்டிகள் போதும் தொடங்க. ஊராட்சி அலுவலகத்தில் ஒன்று, அரசுப் பள்ளியில் ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்று. மற்றவை விரும்பி முன்வரும் வீடுகளிலும் பண்ணைகளிலும், முக்கியமாகக் கேபிள் லைனின் கடைக்கோடியில். விலை குறைந்த ரவுட்டரில் திறந்த மென்பொருளை ஏற்றினாலே போதும். மணிக்கொரு முறை வேகம், இடைவிடாமல் பிங், இழப்பு, பதிவேற்றத்தின்போது தாமதம், நெட் போன நேரம், வந்த நேரம். யார் என்ன பார்த்தார்கள் என்பது பெட்டிக்குத் தெரியக் கூடாது. அளவுகள் மட்டும் வெளியே போக வேண்டும். பக்கத்திலேயே பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இந்தத் தரவைப் படித்துச் சொல்ல மாணவர்கள் போதும். நிறுவனத்தின் பெயர், ஊராட்சியின் பெயர், இரவு எட்டு மணி வேகம், மாதத்தில் நெட் இல்லாத மணி நேரம் என்று நாலு பத்தி உள்ள ஒரு தாள் போதும். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராமசபையில் குடிநீர், தெருவிளக்குக் கணக்கோடு அதையும் வாசிக்கலாம்.